தலைமாடு

ஜாவாக்காரர் குழி வெட்டுவது எளிது.
வடக்கு தெற்காக நீளம்.
மேல்மண் கருப்பு, இரண்டடியில் நீலக் களிமண்,
மூன்றாவது அடியில் தண்ணீர்.
கொம்மேவைன் ஆறு இங்கே நிலத்துக்குள்ளும் ஓடுகிறது.
பத்தொன்பது வருடமாக வெட்டுகிறேன்.
பெயர் ஹெஸ்டி. என் வீட்டார் ஞாயிறுதோறும் தேவாலயம் போவார்கள்,
நான் மழைக்கு ஒதுங்கினால் உண்டு.

சிரமம் வெட்டி முடித்த பிறகுதான்.

கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்கள்
ஊரில் தொழுத பக்கமே இங்கும் தொழுதார்கள்,
மேற்கே.
மெக்கா அங்கிருந்து மேற்கு.
சுரினாமிலிருந்து அது கிழக்கு என்று
யாரோ உலகப்படத்தை விரித்த நாள் முதல்
ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல்,
ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு.

பிணத்தை வலப்பக்கம் ஒருக்களிக்க வேண்டும்.
மேற்குக்காரருக்குத் தலைமாடு வடக்கே,
கிழக்குக்காரருக்குத் தெற்கே.
குழி ஒன்றுதான்.
கூலியும் ஒன்றுதான்.

அன்றைக்குப் போனிரா.
படகுத்துறையில் கோழி சூப் விற்றவள்.
மரம் ஏற்ற வரும் காட்டுக்காரர், என் போன்ற கருப்பர்,
மீசையில் சோறு ஒட்டியபடி இந்துஸ்தானி டிரைவர்கள்,
எல்லாருக்கும் ஒரே அகப்பை, ஒரே வசவு.
அவள் கடன் நோட்டில் எனக்குத் தனிப் பக்கம் இருந்தது.

மகன் சாலிமுன் கிழக்கு.
மகள் வாகியேம் மேற்கு.
குழியின் இரு முனையில் ஆளுக்கொருவர்
நடப்பட்ட கம்பம் போல.

"பூமி உருண்டை, அக்கா."
"உருண்டையென்றால்
எந்தப் பக்கம் போனாலும் போய்ச் சேரும்தானே."

உடலைத் தன் வண்டியில் கொண்டுவந்த பிசேசர்
நடுவே புகுந்தான்:
வடக்கே தலைவைத்து நாங்கள் தூங்கக்கூட மாட்டோம்.
இருவரும் சேர்ந்து அவனைப் பார்த்தார்கள்.
அன்று அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம்.
பிசேசர் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான்.

தண்ணீர் முழங்கால் வரை ஏறிவிட்டது.
சீனர் லியூ தன் கடைப் பம்பைத் தூக்கி வந்தார்.
"விற்பனைக்கு வைத்தது. காலையில் கடை திறக்குமுன் வேண்டும்."
அது ஓடிய சத்தத்தில்
அக்காளும் தம்பியும் கத்தித்தான் சண்டை போட வேண்டியிருந்தது.
ஜாவா மொழியில் தொடங்கி, டச்சுக்குப் போய்,
கெட்ட வார்த்தைக்கு எங்கள் ஸ்ரானானுக்கு வந்தார்கள்.
வெட்டிய மண்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் அப்பாவைப் புதைத்தபோது யாரும் திசை கேட்கவில்லை.
எங்களை ஏற்றிய கப்பலில்
எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது என்று
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
நிழல் இருந்த மரத்தடியாகப் பார்த்து வெட்டினேன்.

பம்பில் பெட்ரோல் தீர்ந்தது.
திடீர் அமைதியில்
குழிக்குள் தண்ணீர் ஊறும் ஒலி மட்டும்,
யாரோ வாய்க்குள் எதையோ சொல்வதைப் போல.

சாலிமுன் காலணியைக் கழற்றினான்.
நல்ல காற்சட்டையோடு இறங்கினான்.
பெண்கள் இறங்குவதில்லை. வாகியேம் இறங்கினாள்.
தலைப்பக்கத்தைத் தம்பி வாங்கினான், காலை அக்காள்.
வெள்ளைத்துணி நனைந்து கனத்தது.
நின்றார்கள்.
ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

பிறகு அவன் நடந்தான்,
களிமண் ஒவ்வொரு காலாய்ப் பிடித்திழுக்க,
வடக்கே.

ஏன் என்று நான் கேட்கவில்லை.
மண்வெட்டிக்காரனுக்கு அது வேலையில்லை.

மூடியதும் துஆவுக்கு நின்றார்கள்.
அவன் அவன் திசையை விடவில்லை:
மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தான்.
அவள் கிழக்குக் கரையில் நின்று மேற்கே.
தொழுகையில் முதுகுகளாகவே இருந்தவர்கள்
ஈரமண்ணின் இருபுறமும்
முகத்துக்கு முகம் கையேந்தி நின்றார்கள்.
வாகியேமின் கன்னத்தில் நீலக் களிமண்.
அவன் சொல்லவில்லை,
தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

காலையில் பம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.
கழுவாமல் கொண்டுவந்தேனென்று லியூ கோபித்தார்,
இனி யார் வாங்குவார் என்று.
என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
நோட்டைத் திறந்தார்.